கடன் ஜாதகத்தை நீங்களே பாருங்கள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் 1974–77 பி.காம். மாணவர், வங்கிக் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)



செயலாளர் போன வாரம் போன் பண்ணி, "அண்ணே, எல்லாரும் பழைய நினைவுகளையே பேசறாங்க. நீங்க பிள்ளைங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரிந்தது கடன் கொடுப்பதும் வசூலிப்பதும்தான். 37 வருஷம் அதைத்தான் செய்தேன். எனவே உங்கள் ஒவ்வொருவர் பேரிலும் உங்களுக்கே தெரியாமல் எழுதப்பட்டு வரும் ஒரு ஜாதகத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறோம். கடனுக்கு பாங்க்காரன் பார்க்கும் ஜாதகத்துக்குக் கடன் தகவல் அறிக்கை என்று பெயர். ஜனங்கள் அதைச் சுருக்கமாக "சிபில்" என்று சொல்கிறார்கள்.

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

2011-ஆம் வருஷம். நான் ஒரு சிறு நகரத்தில் கிளை மேலாளர். ஒருவர் வந்தார். சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார். இரண்டாவது மெஷின் வாங்க நாலு லட்சம் ரூபாய் கடன் கேட்டார். காகிதங்கள் எல்லாம் ஒழுங்கு. பட்டறையைப் போய்ப் பார்த்தேன், வேலை நடந்துகொண்டிருந்தது. பேச்சுவாக்கில் அவரும் நம் கல்லூரிதான், 1984-இல் முடித்தவர் என்று தெரிந்தது. சந்தோஷமாகக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் அவருடைய கடன் அறிக்கையை எடுத்தேன். அதில் வேறு ஒரு ஊரில் வாங்கிய இருசக்கர வாகனக் கடன், 38,000 ரூபாய் பாக்கி, வராக்கடன் என்று எழுதியிருந்தது.

கூப்பிட்டுச் சொன்னேன். மனிதர் திகைத்துப் போனார். "சார், நான் இன்னிக்கு வரைக்கும் சைக்கிள்தான் ஓட்டறேன். வண்டியே வாங்கினதில்லை சார்" என்றார். நான் நம்பவில்லை. எங்கள் தொழிலில் அப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர். "ரிப்போர்ட்ல இருக்கு சார், நான் என்ன செய்யறது" என்று சொல்லி ஃபைலை மூடிவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் அவரே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் திருப்பவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சாப்பிட்டு முடித்து வெளியே வந்ததும் சொன்னார். மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டதால் வெளியில் மாதம் நாலு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். வட்டி கட்ட முடியாமல் வீட்டுக்குப் பின்னால் இருந்த மனையை விற்றிருக்கிறார். அப்புறம் யாரோ சொல்லி, பணம் கட்டித் தன் அறிக்கையை வாங்கிப் பார்த்திருக்கிறார். அந்த வண்டிக் கடன் அவருடையதே இல்லை! அதே பெயர், தகப்பனார் பெயரும் அதே, பிறந்த வருஷமும் அதே. அந்தக் கடனில் பான் எண் கொடுக்கப்படவில்லை. இரண்டு மனிதர்களும் ஒரே காகிதத்தில் ஒருவராகிவிட்டார்கள். இவர் புகார் எழுதினார், திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.

"சார், நீங்க லோன் தரலைங்கறதுல எனக்கு வருத்தமில்லை. அந்த ரிப்போர்ட்டை நானே வாங்கிப் பாக்கலாம், தப்பா இருந்தா எழுதிக் கேக்கலாம்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

நண்பர்களே, அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்று இந்த மேடையில் சொல்ல வந்திருக்கிறேன். இதைப் பேசப்போகிறேன் என்று அவரிடம் அனுமதி கேட்டேன். "பேரைச் சொல்லாதீங்க சார், விஷயத்தைச் சொல்லுங்க" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நாம் எங்கே கடன் வாங்கினாலும், அது வீட்டுக்கடனாகட்டும், நகைக்கடனாகட்டும், கிரெடிட் கார்டாகட்டும், குழுவில் வாங்கும் சிறுகடனாகட்டும், கொடுத்தவர்கள் அந்த விவரத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு பாக்கி, தவணை எந்த மாதம் தாமதமானது, எல்லாம் போகிறது. நம் நாட்டில் இப்படி முதலில் வந்த நிறுவனம் சிபில். 2000-இல் தொடங்கப்பட்டது. அதனால்தான் அந்தப் பெயர் ஜனங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. ஆனால் இன்று ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவை நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க். இவற்றை நடத்தும் சட்டம் 2005-இல் வந்தது. தன்னைப் பற்றிய தகவலைப் பார்க்கவும், தவறிருந்தால் திருத்தச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இது யாரும் போடும் பிச்சை இல்லை, நம் உரிமை.

அறிக்கையை வாங்குவது எப்படி?

2017 ஜனவரி முதல், இந்த நான்கு நிறுவனங்களும் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை நம்முடைய முழு அறிக்கையை, மதிப்பெண்ணோடு சேர்த்து, இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போங்கள். பான் கார்டில் இருக்கிறபடியே பெயர், பிறந்த தேதி, பான் எண், செல்போன் எண், மின்னஞ்சல் கொடுங்கள். செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். சில சமயம் அடையாளம் உறுதி செய்ய, "இந்தக் கடன் உங்களுடையதா, எந்த பாங்க்கில் கார்டு வைத்திருக்கிறீர்கள்" என்று ஒன்றிரண்டு கேள்வி கேட்பார்கள். பதில் சொன்னால் அறிக்கை வந்துவிடும். பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அதே பக்கத்தில் மாதச் சந்தா, வருஷச் சந்தா என்று பெரிய எழுத்தில் காட்டுவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை இலவசம் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். தேடிப் பிடியுங்கள். இரண்டு, "உங்கள் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்" என்று போன் செய்பவர்களிடம் பான் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்துவிடாதீர்கள். சரியாக இருக்கிற தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது. தப்பாக இருப்பதைத் திருத்த யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். நான்கையும் ஒரே நாளில் வாங்குவதில்லை. பொங்கலுக்கு ஒன்று, சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பார்த்த மாதிரி ஆகிவிடும். நாமே பார்த்தால் மதிப்பெண் குறையும் என்று ஒரு வதந்தி உண்டு. குறையாது. கடன் கேட்டு பாங்க் பார்ப்பது வேறு, நம் முகத்தை நாமே கண்ணாடியில் பார்ப்பது வேறு.

இனி அதைப் படிப்பது எப்படி?

முதலில் எல்லார் கண்ணும் மதிப்பெண் மேல் போகும். 300-லிருந்து 900 வரை. அதிகமாக இருந்தால் நல்லது. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பரீட்சைப் பேப்பர் திரும்பி வந்தால் மொத்தத்தை மட்டுமா பார்ப்போம்? எந்தக் கேள்விக்கு எத்தனை என்று பார்ப்போமில்லையா, அதுபோலத்தான்.

முதலாவது, பெயரும் அடையாளமும். நம்ம ஊரில்தான் இந்தத் தொல்லை அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். "கே. முருகன்" பான் கார்டில் "முருகன் கந்தசாமி" ஆவார், ஆதாரில் "முருகன் கே" ஆவார், ரேஷன் கார்டில் வெறும் முருகன் ஆவார். இந்தக் குழப்பத்தில்தான் ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் ஏறுகிறது. பிறந்த தேதி, பான் எண், முகவரி, செல்போன் எண் எல்லாம் உங்களுடையதா என்று வரிவரியாகப் பாருங்கள். நீங்கள் குடியே இருந்திராத ஊர் முகவரி இருந்தால் அங்கேயே பென்சிலால் வட்டம் போடுங்கள்.

இரண்டாவது, கணக்குகள். ஒவ்வொரு கடனும் உங்களுடையதா? முடித்த கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா? பாக்கித் தொகை சரியா? கடனில் உங்கள் பங்கு என்ன என்றும் போட்டிருக்கும்: தனியாக வாங்கியதா, கூட்டாகவா, ஜாமீனா என்று.

இந்த ஜாமீன் விஷயத்தில் என் கதையையே சொல்கிறேன். 2017-இல் இலவசம் என்று வந்ததும் நான்தான் முதல் ஆளாக வாங்கிப் பார்த்தேன். பாங்க்காரன் கணக்கில் என்ன இருக்கப் போகிறது என்ற தைரியம். பார்த்தால், நம் ஹாஸ்டல் நண்பர் ஒருவருக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்ட வீட்டுக்கடன்! நாலு மாதமாகத் தவணை கட்டவில்லை. அது என் அறிக்கையிலும் வந்திருந்தது. கையெழுத்துப் போட்டதையே நான் மறந்துவிட்டேன். போன் செய்தேன். முதலில் மழுப்பினார், அப்புறம் அழுதுவிட்டார். மனைவிக்கு ஆபரேஷன், செலவை யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து பாக்கியைக் கட்டினோம். பிறகு அவர் திருப்பித் தந்துவிட்டார். அறிக்கையைப் பார்த்ததால் நண்பனின் கஷ்டம் தெரிந்தது. ஆனால் அன்றிலிருந்து யாராவது "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்றால் பேனாவை உள்ளே வைத்துவிடுகிறேன். ஜாமீன் கையெழுத்தும் கடன்தான் ஐயா!

மூன்றாவது, தாமதக் கட்டங்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே 36 மாதங்கள் வரை கட்டம் கட்டமாக எண்கள் இருக்கும். "000" என்றால் அந்த மாதம் பாக்கியில்லை. "030" என்றால் முப்பது நாள் தாமதம். "எக்ஸ்எக்ஸ்எக்ஸ்" என்றிருந்தால் அந்த மாதம் பாங்க் தகவல் அனுப்பவில்லை என்று அர்த்தம், உங்கள் குற்றமில்லை. நீங்கள் ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் எண் விழுந்திருந்தால் பாஸ்புத்தகத்தை எடுத்து ஒப்பிடுங்கள்.

நான்காவது, நம் ஜனங்கள் ஏமாறும் இரண்டு வார்த்தைகள். ஒன்று "செட்டில்டு". கேட்டால் கணக்குத் தீர்ந்த மாதிரி இருக்கும். தீரவில்லை. முழுப் பணமும் கட்டாமல், பேசிக் குறைத்துக் கட்டியவர் என்று அதற்கு அர்த்தம். அடுத்து கடன் கொடுப்பவர் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். முழுசாகக் கட்டினால் "குளோஸ்டு" என்று வர வேண்டும். இன்னொன்று "ரிட்டன் ஆஃப்". இதைத் தமிழில் தள்ளுபடி என்று சொல்லிவிடுகிறோம். அரசு செய்கிற கடன் தள்ளுபடி வேறு, இது வேறு. பாங்க் தன் கணக்குப் புத்தகத்தில் வராக்கடன் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் கடன் அப்படியேதான் இருக்கிறது. எனவே கடனை முடித்த அன்றே "நோ ட்யூ சர்டிபிகேட்" வாங்கி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

ஐந்தாவது, யார் யார் உங்கள் அறிக்கையைப் பார்த்தார்கள் என்ற பட்டியல். நீங்கள் படியே ஏறாத கம்பெனி பேர் அதில் இருந்தால் சும்மா விடாதீர்கள். யாரோ உங்கள் பான் எண்ணை வைத்துக் கடன் கேட்டிருக்கலாம். கடன் தருபவர் அறிக்கையைப் பார்க்கும்போது நமக்கு எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல் வர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தச் செய்திகளை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

தவறு இருந்தால் என்ன செய்வது?

எந்த நிறுவனத்தின் அறிக்கையில் தவறோ, அதன் இணையதளத்திலேயே புகார் செய்ய இடம் உண்டு. கட்டணம் இல்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. தகவல் அனுப்பிய பாங்க்கைக் கேட்டுத்தான் மாற்றும். எனவே அந்த பாங்க்குக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். நாலு வரி போதும். கணக்கு எண், அறிக்கையில் என்ன இருக்கிறது, உண்மை என்ன, அதற்கு ஆதாரம் என்ன. கோபமாக எழுத வேண்டாம். தேதி போடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். தபாலென்றால் பதிவுத் தபால். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

பாங்க் 21 நாளுக்குள் தகவல் நிறுவனத்துக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும். மொத்தம் 30 நாளுக்குள் புகார் தீர வேண்டும். தீரவில்லையென்றால், அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. இது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் மசியவில்லையா, அல்லது பதில் திருப்தியில்லையா, ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து அந்த வரம்புக்குள் வந்துவிட்டன. வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். முதலில் அவர்களிடம் எழுதியதற்கு அத்தாட்சி வேண்டும். அதற்காகத்தான் நகலில் சீல் வாங்கச் சொன்னேன்.

திருத்தம் வந்ததும் மறுபடி அறிக்கையை வாங்கிப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் திருத்தினால் மற்ற மூன்றிலும் தப்பு அப்படியே இருக்கலாம். அதையும் சரிபார்க்க வேண்டும். முன்பெல்லாம் பாங்க்குகள் மாதம் ஒருமுறைதான் தகவல் அனுப்பும். 2025 ஜனவரியிலிருந்து மாதம் இரண்டு முறையாவது அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டதால் நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே, இது அப்பா அம்மா விஷயம் என்று நினைத்துப் பின்வரிசையில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களில் பலர் பேரில் இப்போதே ஜாதகம் எழுத ஆரம்பித்தாகிவிட்டது. கல்விக்கடன் வாங்கியிருந்தால் உங்கள் பேரிலும், கூடக் கையெழுத்துப் போட்ட அப்பா அல்லது அம்மா பேரிலும் அது ஏறியிருக்கும். வேலை கிடைத்ததும் நீங்கள் தவணையை மறந்தால், அங்கே வயலை வைத்துப் பயிர்க்கடன் கேட்கப் போகும் அப்பாவுக்கு அது தெரியவரும். செல்போனில் ஐந்து நிமிஷத்தில் கிடைக்கும் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயும், "இப்போ வாங்கு, அப்புறம் கொடு" என்பதும் கடன்தான்.

பாங்க் வேலைக்குப் படிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஸ்டேட் வங்கி ஒருவருடைய வேலை நியமனத்தை ரத்து செய்தது. அது சரிதான் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பரீட்சையில் ஜெயித்து, நேர்முகத்திலும் ஜெயித்து, கிரெடிட் கார்டில் தோற்கலாமா?

இதுவரை கடனே வாங்காதவர்கள் பயப்பட வேண்டாம். மதிப்பெண் இருக்கும் இடத்தில் வரலாறு இல்லை என்று வரும். அது கெட்ட பெயர் இல்லை, எழுதாத சிலேட்டு. முதல் முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று 2025-இல் ரிசர்வ் வங்கியே அறிவுறுத்தியிருக்கிறது. மதிப்பெண்ணுக்காகத் தேவையில்லாத கடன் வாங்காதீர்கள்.

இந்தச் சபையில் என்னைப்போல் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். பாங்க்கில் பெரிய பதவியில் இருக்கும் நம் மாணவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அறிக்கை சரியில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது, காரணத்தை எழுத்தில் கொடுங்கள். எந்த நிறுவனத்தின் அறிக்கை, எந்தக் கடன் என்று சொல்லுங்கள். "தப்பா இருந்தா எழுதிக் கேளுங்க" என்ற ஒரு வார்த்தையும் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறிய வார்த்தை அது. ஒரு மனிதரின் மனை அதில் போயிற்று.

அவர் பட்டறை இன்றும் நடக்கிறது. மூன்று லேத், ஐந்து பேர் வேலை. கடைசி இரண்டு மெஷினுக்கும் பாங்க் கடன்தான். நான் ஓய்வு பெறுவதற்கு முன் ஒன்று என் கையால் கையெழுத்தானது. அது பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். தகுதியுள்ளவருக்கு நியாயமாகக் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் அவர் விற்ற மனையில் இப்போது வேறொருவர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன்.

விருந்துக்கு நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஊருக்குப் போனதும் இந்த மாதத்துக்குள் ஒரு அறிக்கையை வாங்கிவிடுங்கள். சரியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். தப்பாக இருந்தால் அன்றே பேனாவை எடுங்கள். எழுதத் தெரியாதவர் உங்கள் தெருவில் இருந்தால் அவருக்கும் எழுதிக் கொடுங்கள். நம் கல்லூரி நமக்குச் சொல்லிக் கொடுத்த படிப்புக்கு அதுவும் ஒரு உபயோகம்.